வேம்பு விரட்டும், சிலந்தி முடிக்கும்

காளஹஸ்தி, சித்தூர் வட்டார வயல்களில் இலை, கொட்டைக் கஷாயங்கள் எப்போது பயிரைக் காக்கின்றன, எப்போது கைவிடுகின்றன?

ராகு-கேது பரிகாரத்துக்காகக் காளஹஸ்திக்குப் போகிற தமிழ்நாட்டுக்காரர்கள் வாயுலிங்கத்தைத் தரிசித்துவிட்டு, சிலந்தியும் பாம்பும் யானையும் சிவனைப் பூசித்த தலபுராணத்தைக் கேட்டுவிட்டு, பஸ் ஏறிவிடுவார்கள். ஊரைத் தாண்டினால் நெல் வயல்களும் நிலக்கடலைக் கொல்லைகளும் விரியும். புராணத்தில் வரும் மூன்று பேரில் இருவர் அந்த வயல்களில் இன்றும் ஊழியம் பார்க்கிறார்கள். பாம்பு எலி பிடிக்கிறது. சிலந்தி பூச்சி பிடிக்கிறது. மூன்றாமவரும் சித்தூரின் மேற்குப் பக்கம், கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் பயிருக்குள் இறங்குவதுண்டு. அது வேறு வழக்கு.

நெல்லின் அடித்தூரில் வலை பின்னாமல் ஓடித் திரிகிற ஓநாய்ச் சிலந்தி, ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் அதன் விருப்ப உணவு. கடையில் வாங்கிய வீரிய ரசாயன மருந்தை அடித்தால் வயலில் முதலில் செத்துப்போவது பெரும்பாலும் இந்தச் சிலந்திதான். புகையானின் முட்டைகள் இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். மருந்து அங்கே எட்டாது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் பொரித்து வெளியே வரும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை. அதனால்தான் மருந்து அடித்த வயலிலேயே புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். இந்தோனேசியா இந்தப் பாடத்தை 1986-ல் படித்தது. புகையானைப் பெருக்கியதற்காக 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று அதிபர் சுகார்த்தோ தடை போட்டார். நெல் விளைச்சல் சரியவில்லை.

செடிகொடிகளிலிருந்து எடுக்கும் பூச்சிவிரட்டிகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்தச் சிலந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் ரசாயனத்தின் மலிவுப் பதிப்பு அல்ல. அது பூச்சியைச் சோர வைக்கும், தின்னவிடாமல் செய்யும், முட்டையிட வருவதை விலக்கும். மிச்ச வேலையைச் சிலந்தியும் பொறிவண்டும் குருவியும் முடிக்கும். இந்தக் கூட்டு வேலையை அறியாமல் கஷாயம் அடித்தவர்கள்தான் "அடிச்சோம், ஒண்ணும் கேக்கலை" என்று கைவிட்டவர்கள்.

வெட்டுக்கிளி தொடாத மரம்

வேம்பின் கசப்புக்குப் பூச்சி அஞ்சும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். நெல் குதிரில், துணிப்பெட்டியில், பருப்புப் பானையில் வேப்பிலை போட்டது அதனால்தான். அறிவியல் உலகம் இதைக் கவனித்தது கொஞ்சம் தாமதமாக. 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிப் படை ஒன்று கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் மொட்டையடித்துவிட்டு வேப்பமரங்களை மட்டும் விட்டுப் போனதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் பார்த்தார். 1962-ல் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். பிரதான் குழுவினர், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தின்ன மறுப்பதை நிரூபித்தார்கள். 1968-ல் அதன் முக்கிய மூலப்பொருளான அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் கட்டமைப்பு அவ்வளவு சிக்கல் என்பதால், கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழு அதை ஆய்வகத்தில் முழுமையாகச் செய்து முடிக்க 22 ஆண்டுகள் பிடித்தன, முடிந்தது 2007-ல். வேப்பமரம் அதை ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டுப் போகிறது.

அசாடிராக்டின் மூன்று வழிகளில் வேலை செய்கிறது. இலையைக் கடித்த புழுவுக்குப் பசி அடங்கிப்போகிறது. புழு தோலுரித்து வளரத் தேவையான ஹார்மோன் சுரப்பு குழம்புகிறது. அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் பாதியில் சாகிறது. தாய்ப்பூச்சி அந்தச் செடியில் முட்டையிடத் தயங்குகிறது. மூன்றுமே நாள் எடுக்கும் வேலைகள். இளம் புழுவிடம்தான் இவை நன்றாகப் பலிக்கும். விரல் பருமனுக்கு வளர்ந்த புழு பெரும்பாலும் தப்பிவிடும். இலையைக் கடிக்காத சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் இதனால் பெரிய பாதிப்பில்லை. வெயிலில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும் என்பதால் விளைபொருளில் எச்சமும் தங்காது. வேம்பின் பலமும் பலவீனமும் ஒன்றே.

இந்த அறிவுக்குக் காப்புரிமை கேட்டவர்களும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் வேப்பெண்ணெய் சார்ந்த பூஞ்சைக்கொல்லிக்கு 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வூட், சர்வதேச இயற்கை வேளாண் இயக்கக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்த்து வழக்காடினார்கள். அதே வகைச் சாற்றைத் தாம் முன்பே இந்தியாவில் தயாரித்துவந்ததாக அபய் பட்கே என்ற தொழிற்சாலை நிர்வாகி சாட்சி சொன்னார். 2000-ல் காப்புரிமை ரத்தானது; 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

பருத்திக் காட்டில் தொடங்கிய பாடம்

ஆந்திரத்தில் இன்று பேசப்படும் கஷாய விவசாயத்தின் வேர் காளஹஸ்தியில் இல்லை. வடக்கே, தெலங்கானாப் பருத்திக் காட்டில் இருக்கிறது. 1990-களின் இறுதியில் வாரங்கல் பருத்தி விவசாயிகள் மருந்துக்கடைக் கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டபோது நாடே அதிர்ந்தது. மருந்துக்கே அடங்காத புழுவுக்கு மேலும் மேலும் மருந்து அடித்த காலம் அது. அந்தச் சமயத்தில்தான் ஹைதராபாத்தின் சென்டர் ஃபார் வேர்ல்ட் சாலிடாரிட்டியும் செக்யூர் என்ற தொண்டு நிறுவனமும் கம்மம் மாவட்டம் புனுகுலவில் பூச்சிமருந்தில்லாப் பயிர்ப் பாதுகாப்பைச் சோதித்தன. வேப்பங்கொட்டைக் கரைசல், பச்சை மிளகாய்-பூண்டுக் கரைசல், ஆமணக்கும் செண்டுமல்லியும் பொறிப் பயிராக, குருவி உட்காரக் குச்சி, விளக்குப் பொறி என்று எல்லாம் சேர்ந்த முறை. ராஜமுந்திரியில் உள்ள மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எம்.எஸ். சாரி இந்த முறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். 2003-ல் புனுகுல தன்னைப் பூச்சிமருந்தில்லா ஊர் என்று அறிவித்துக்கொண்டது. அதை முன்னின்று செய்தது சுயஉதவிக் குழுப் பெண்கள். மருந்தடித்து மயங்கி விழுந்த கணவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும், கடனை அடைத்ததும் அவர்கள்தானே.

அடுத்த ஆண்டுகளில் மாநில அரசின் ஊரக வறுமை ஒழிப்புச் சங்கம் இந்த முறையைச் சுயஉதவிக் குழுக்கள் வழியே மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது. அதை நடத்திய ஐ.ஏ.எஸ். அதிகாரி டி. விஜயகுமார், 2016-ல் தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டத்தையும் ரைது சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனத்தின் வழியே முன்னெடுத்தார். ஜீரோ பட்ஜெட் விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் நீமாஸ்திரம், அக்னி அஸ்திரம், பிரம்மாஸ்திரம் என்ற கஷாயங்கள் எல்லாம் கிராமங்களில் புழக்கத்துக்கு வந்தது அப்படித்தான். 2024-ல் இத்திட்டம், மண்ணியலாளர் ரத்தன் லால், எகிப்தின் செகெம் அமைப்பு ஆகியோருடன் சேர்ந்து, 10 லட்சம் யூரோ மதிப்புள்ள போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசைப் பெற்றது. ஏறத்தாழ 10 லட்சம் சிறு விவசாயிகள், 5 லட்சம் ஹெக்டேர், பெரும்பாலும் பெண்கள் என்பது பரிசளித்தவர்கள் சொன்ன கணக்கு.

மூன்று பயிர், மூன்று கணக்கு

காளஹஸ்தி 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் நெல், நிலக்கடலை, மா என்ற பயிர்களும் அவற்றைத் தாக்கும் பூச்சிகளும் இரு மாவட்டத்துக்கும் பொது. எது கேட்கும், எது கேட்காது என்பது பயிருக்குப் பயிர் மாறும்.

நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவை இளம் பருவத்திலேயே கண்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் கைகொடுக்கும். தண்டுக்குள் புகுந்துவிட்ட குருத்துப்புழுவிடம் எந்தக் கஷாயமும் பலிக்காது. நாற்று நுனியைக் கிள்ளி நட்டு அதில் ஒட்டியிருக்கும் முட்டைகளை அகற்றுவதும், டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவதும்தான் வழி. புகையானுக்கு நடவின்போதே இரண்டு மீட்டருக்கு ஒன்றாக 20 சென்டிமீட்டர் அகலத்தில் பாதை விட வேண்டும். பூச்சி தெரிந்ததும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். தூருக்குக் காற்றும் வெளிச்சமும் போனாலே பாதிப் புகையான் குறையும். வேப்பெண்ணெய் அதற்கு மேல்தான்.

நிலக்கடலையின் பழைய பகைவன் சிவப்புக் கம்பளிப் புழு. கோடையில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கும். முதல் கனமழை பெய்த இரண்டு மூன்று நாளில் அந்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பும். அன்றிரவு கொல்லையோரம் தீ மூட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். ஒருவர் மட்டும் மூட்டிப் பயனில்லை. ஊரே ஒரே இரவில் மூட்ட வேண்டும். உடம்பெல்லாம் மயிர் முளைத்து வளர்ந்த பிறகு அந்தப் புழுவுக்குக் கஷாயமும் கேட்காது, சில சமயம் ரசாயனமும் கேட்காது. ஊர்ந்து அடுத்த கொல்லைக்குப் போகும்போது வரப்போரம் வெட்டிய பள்ளத்திலும், பரப்பிவைத்த எருக்கந்தழையிலும் பிடிக்கலாம். தெலுங்கில் லத்தெப்புருகு என்று சொல்லும் புரொடீனியா புழுவுக்கு வரப்பில் ஆமணக்கு நட்டால் தாய்ப்பூச்சி முதலில் அங்கேதான் முட்டையிடும். முட்டைக் குவியலும் இளம்புழுவும் சேர்ந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டால், மீதி இளம் புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்.

மாவுக்கு வருவோம். சித்தூரின் பெங்களூரா மாம்பழம், ஆந்திரத்தில் தோத்தாபுரி, கூழ் ஆலைகளுக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு போகிறது. பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிப் பூங்கொத்தையே கருக்கும். மொட்டு விடும்போதே வேம்பு அடித்தால் பூ விரிவதற்குள் வேலை முடியும். மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் தப்பும். பழ ஈ வேறு ரகம். பழத்தோலுக்கு அடியில் முட்டையிட்ட பிறகு எதை அடித்தும் பயனில்லை. இங்கேயும் செடிதான் கைகொடுக்கிறது, வேறு விதமாக. பீகாரின் பூசாவில் 1912-ல் எஃப்.எம். ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெய் வாசனைக்கு ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதைக் கவனித்தார். ஈர்த்த பொருள் மெத்தில் யூஜினால். துளசியிலும் அது இருக்கிறது. தோட்டத்தில் அந்தப் பொறியைத் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் மாட்டும், பெண் ஈக்களுக்கு இணை கிடைக்காது. 2014 மே மாதம் பழ ஈயைக் காரணம் காட்டி ஐரோப்பிய யூனியன் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டது, 2015-ல்தான் விலக்கியது. ஒரு ஈ ஒரு நாட்டின் ஏற்றுமதியையே நிறுத்தும் என்று அப்போது தெரிந்தது.

மூன்று பயிரிலும் பொதுவாக ஒன்று தெரிகிறது. கஷாயம் மூன்றாவது, நான்காவது வேலை. பூச்சி எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

செய்முறை: ஏக்கருக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல்

கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திய கொட்டை வேண்டும். எட்டு மாதத்துக்கு மேல் பழசானதில் வீரியம் இருக்காது. பூஞ்சணம் பிடித்ததும் ஆகாது. 10 கிலோ பருப்பை இடித்துத் துணியில் மூட்டை கட்டி, 20 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊற விட வேண்டும். காலையில் பால் போல வெளுத்து வரும்வரை மூட்டையைப் பிழிந்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்க வேண்டும். இலையில் ஒட்டுவதற்குக் காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்கலாம். அன்றே அடிக்க வேண்டும், அதுவும் மாலை மூன்றரை மணிக்கு மேல். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் பாதி உழைப்பு வீண்.

இந்தச் செய்முறையைப் படிக்கும் எவருக்கும் காளஹஸ்தியின் இன்னொரு தொழில் நினைவுக்கு வரலாம். கலம்காரிக் கைவினைஞர்கள் கடுக்காயில் துணியை ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்துக் கறுப்பு மை எடுக்கிறார்கள். நீரின் குணம், ஊறிய நேரம், வெயில் இவற்றில் ஒன்று மாறினாலும் நிறம் மாறிவிடும். கஷாயமும் அப்படித்தான்: கைப்பக்குவம் உள்ளவரிடம் ஒரு மாதிரி, இல்லாதவரிடம் வேறு மாதிரி.

யார் பொறுக்குவது, யார் இடிப்பது?

கஷாயத்தைச் செலவில்லாத மருந்து என்று சொல்பவர்கள் உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. வேப்பங்கொட்டை பொறுக்க வேண்டும், உலர்த்த வேண்டும், இடிக்க வேண்டும். தழை பறிக்க வேண்டும், கோமியம் பிடிக்க வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும். ஆடு தின்னாத தழை, ஒடித்தால் பால் வடியும் தழை, கசக்கும் தழை, வாடையடிக்கும் தழை என்று நம் ஊர் இயற்கை விவசாயிகள் சொல்லும் விதிப்படி சேர்த்தால் வேம்பு, புங்கு, நொச்சி, எருக்கு, சீத்தா எல்லாம் கிடைக்கும். ஆனால் வீட்டில் ஆளும் நேரமும் உள்ளவருக்கே கிடைக்கும். குத்தகைக்காரருக்கும், பகலெல்லாம் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கும் பாட்டிலை வாங்கித் தெளிப்பதுதான் எளிது. கடைக்காரர் கடனுக்கும் கொடுப்பார்.

ஆந்திரத் திட்டம் இதற்கு ஒரு விடை கண்டது: கிராமத்திலேயே பெண்கள் குழு நடத்தும் இடுபொருள் கடை. கொட்டையை அவர்களே வாங்கி, இடித்து, கஷாயம் காய்ச்சி விற்கிறார்கள். தயாரிக்க நேரமில்லாத விவசாயிக்குக் கிடைக்கிறது. குழுவுக்கு வருமானம் வருகிறது. இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், தன் நிலத்தில் தானே பயன்படுத்துவோருக்கு 38-வது பிரிவில் விலக்கு அளிக்கிறது. விற்பனைக்கோ பதிவு வேண்டும். நிறுவனங்கள் அசாடிராக்டின் அளவைக் குறித்து, பதிவு செய்து விற்கின்றன. அக்காமார் பானையில் காய்ச்சும் கஷாயத்துக்கு அப்படி ஒரு அளவுகோல் இல்லை. இந்த இடைவெளியில்தான் 'உயிரி மருந்து' என்ற லேபிளுக்குள் ரசாயனத்தைக் கலந்து விற்கும் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். அடித்த மறுநாளே புழு கொத்தாகச் செத்து விழுந்தால் அது வேம்பின் வேலை அல்ல. சந்தேகப்பட வேண்டிய இடம்.

2015-ல் யூரியாவுக்கு வேம்புப் பூச்சு கட்டாயமானது வேப்பெண்ணெய்த் தேவையை ஒரேயடியாகக் கூட்டியது. கொட்டை பொறுக்குபவருக்கு அது நல்ல செய்தி. கஷாயம் காய்ச்சுபவருக்குப் போட்டி.

இலை என்றால் ஆபத்தில்லையா?

செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. அக்னி அஸ்திரத்தில் புகையிலை சேர்கிறது. புகையிலையின் நிகோட்டின் தோல் வழியே உடம்புக்குள் போகும் நரம்பு விஷம். நிகோட்டின் சல்ஃபேட் பூச்சிமருந்தை இந்தியாவில் பயன்படுத்தவே தடை உண்டு. ஏற்றுமதிக்கு மட்டும் தயாரிக்கலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஊமத்தை எப்படிப்பட்டது என்று நம் கிராமங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொதிக்கும் அண்டாவின் ஆவியில் முகத்தை நீட்டுவதும், வெறுங்கையால் புகையிலைச் சாற்றைப் பிழிவதும், சமையல் பாத்திரத்தையே கஷாயத்துக்கு எடுப்பதும் கூடாது. பயிற்சி தருகிறவர்கள் வேம்பைப் புகழும் அளவுக்குக் கையுறையைப் பற்றிப் பேசுவதில்லை.

விளைச்சல் பற்றியும் விவாதம் ஓயவில்லை. 2019-ல் தேசிய வேளாண் அறிவியல் அகாடமி, ஜீரோ பட்ஜெட் விவசாயம் நிரூபிக்கப்படாத முறை, அரசு அதில் பணம் போடக் கூடாது என்று எச்சரித்தது. ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குபெற்று 2022-ல் வெளியான ஆய்வு, ஆந்திரத்தில் 28 பண்ணைகளில் நடந்த ஒப்பீட்டில் இந்த முறையால் விளைச்சல் குறையவில்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், முறையாகச் செய்கிற இடத்தில் பலிக்கிறது, எல்லா இடத்திலும் தானாகப் பலித்துவிடாது என்றே கொள்ள வேண்டும். இலங்கையின் அனுபவம் அதைத்தான் சொல்கிறது. 2021-ல் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இறக்குமதி செய்ய ஒரே உத்தரவில் தடை போட்டார்கள். பயிற்சி இல்லை, மாற்று இடுபொருள் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. நவம்பருக்குள் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. புனுகுல என்ற ஒரு ஊர் மாறவே சில ஆண்டுகள் ஆயின என்பதை அங்கே யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

லட்டுக்கும் வயலுக்கும் உள்ள தூரம்

சந்தை இல்லாமல் எந்த விவசாய முறையும் நிலைக்காது. காளஹஸ்திக்குப் பக்கத்திலேயே பெரிய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். 2021-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இயற்கை முறையில் விளைந்த பொருட்களைக் கொண்டு நைவேத்தியம் படைக்கத் தொடங்கியது. அவற்றை வாங்க ரைது சாதிகார சம்ஸ்தாவுடன் ஒப்பந்தமும் செய்துகொண்டது. பல மாநிலப் பக்தர்கள் சாப்பிடும் பிரசாதத்துக்கு விஷமில்லாத பருப்பும் அரிசியும் வேண்டும் என்று கோயில் கேட்டால், அது எந்த விளம்பரத்தையும்விடப் பெரிய ஆதரவு. பள்ளிச் சத்துணவுக்கும் அரசு விடுதிகளுக்கும் இதே கோரிக்கையை வைக்க முடியும். 2013-ல் பீகாரின் சாப்ரா வட்டாரத்தில் மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்த பிறகும் அதைச் செய்யாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை.

அரசு செய்ய வேண்டியவை இன்னும் மூன்று. பெண்கள் குழுவின் கஷாயத்துக்கு எளிய தரப் பரிசோதனையும் அதற்கேற்ற சட்ட அனுமதியும் வேண்டும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் உள்ள வேப்பமரங்களின் கொட்டையை வெளியூர் வியாபாரிக்குப் போகுமுன் உள்ளூர்க் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, "இந்த வாரம் அடிக்க வேண்டாம்" என்று சொல்லும் ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மருந்து விற்றால் கமிஷன் கிடைக்கிற நாட்டில், மருந்து வேண்டாம் என்று சொல்பவருக்குக் கூலி கிடையாது. அந்தக் கூலியைக் கொடுக்கிற மாநிலத்தில் கஷாயம் நிலைக்கும். கொடுக்காத இடத்தில் அது இன்னொரு பாட்டிலாகி, அதே கடை அலமாரியில் அதே கடனுக்கு விற்கப்படும்.